நாற்பத்தொன்றில் என் பெயர்

வின்மோர் தோட்டம்,
அசாம் ஜாவா, கோலசிலாங்கூர்.
9 மார்ச் 1986

திரு. பாலன் அவர்களுக்கு,

வணக்கம். கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். உங்கள் அப்பா காளியண்ணன் மாமா நன்றாக இருக்கிறார். உங்கள் அம்மா லெட்சுமி அத்தையும் நன்றாக இருக்கிறார். நேற்றுகூடத் தண்ணீர்ப் பைப்படியில் பார்த்தேன். வழக்கம்போல நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. நம் கல்யாணப் பேச்சு முறிந்து மூன்று வருஷம் ஆனபிறகு நான் உங்களுக்கு எழுதுவது உறவைப் புதுப்பிக்க இல்லை. எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும், அவ்வளவுதான்.

தோட்டம் கைமாறிவிட்டது. கேள்விப்பட்டிருப்பீர்கள். புது முதலாளி லயத்து வரிசை வீடுகளை எல்லாம் இடிக்கப்போகிறார். அதற்குப் பதிலாக அசாம் ஜாவா ரோட்டோரம் அறுபத்து நான்கு கல்வீடு கட்டுகிறார்கள். ஏப்ரல் முப்பதுக்குள் பட்டியலில் பெயர் இருக்கிறவர்களுக்குத்தான் சாவி. பெயர் இல்லாதவர்கள் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பட்டியலைப் போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதம். எங்கள் இருபத்து மூன்றாம் எண் வீட்டைத் தேடினேன். எண் இருக்கிறது, பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர் குடும்பத்தோடு இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே மூத்தவர் பெயர் மட்டும்தான். தம்பிகள் இரண்டு பேரும் அன்றைக்குக் காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி செல்லையாவிடம் கேட்டேன். "என்னைக் கேட்டா எப்படிம்மா? எல்லாம் கே.எல்.லுல கம்ப்யூட்டர் செய்யிற வேலை. நம்ம காளியண்ணன் மவன் பாலன்தான் அங்க ப்ரோகிராம் எழுதறானாம்லா. அவனையே கேளு" என்று உங்கள் விலாசத்தையும் கொடுத்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அப்பா போன பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். வாதம் வந்து அம்மாவுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை, படுக்கைதான். நான் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கப் போகும்போது பக்கத்து வீட்டு தங்கமணி அக்கா பார்த்துக்கொள்கிறார். அம்மாவை வைத்துக்கொண்டு வெளியே யார் எனக்கு வாடகைக்கு வீடு கொடுப்பார்கள்? என் பெயரைப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். வேறொன்றும் உங்களிடம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கங்கா

*

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
17 மார்ச் 1986

கங்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன். 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படி எழுத வரவில்லை, மன்னித்துக்கொள்.

தப்பு என்னுடையதுதான். செல்லையா அண்ணன் பொய் சொல்லவில்லை. எந்த வீட்டில் யார் யார் என்று எழுதித் தோட்டத்திலிருந்து வந்த வீட்டு அட்டைகளை இங்கே இரண்டு பெண்கள் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அதிலிருந்து பட்டியல் எடுக்கும் வேலை என்னுடையது. எங்கள் மேலாளர் மிஸ்டர் லிம் எல்லாவற்றையும் பொருள் பொருளாகப் பிரிக்கச் சொல்லுவார். வீடு ஒரு பொருள், அதற்கு ஓர் எண், ஒரு பெயர், முடிந்தது கதை என்பார். லயத்து வீட்டில் ஒரு கதவுக்குள் எத்தனை அடுப்பு எரியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகிறது.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். வீட்டு எண்ணைக் கொடுத்தால் அதில் இருப்பவர் பெயரைச் சொல்ல ஒரு ஃபங்ஷன் எழுதினேன். அது ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் சொல்லும். அட்டையில் மூன்று பேர் இருந்தாலும் முதல் பேரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். சன்னாசி அண்ணன் வீட்டில் நடந்தது அதுதான்.

இப்போது அதை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி ஒரு வீட்டைக் கேட்டால் அதிலுள்ள எல்லாப் பெயரையும் மொத்தமாகத் தரும். ஒவ்வொரு பெயரும் வீட்டு எண்ணோடு ஒரு வரியாக நிற்கும். ஒரு பெயரும் விடுபடாது. உன் வீட்டில் ஏன் பெயர் வரவில்லை என்று இன்னும் பார்க்கவில்லை, ஆனால் இதோடு அதுவும் சரியாகிவிடும். அடுத்த பட்டியல் மாசக் கடைசியில் வரும். கவலைப்படாதே.

உன் அம்மா வேலம்மா அத்தைக்கு இப்படி ஆனது எனக்குத் தெரியாது. யாரும் எழுதவில்லை. எழுதும்படி நானும் நடந்துகொள்ளவில்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல். வேண்டாமென்றால் சொல்லாதே.

பாலன்

*

வின்மோர் தோட்டம்
6 ஏப்ரல் 1986

பாலன்,

உன் புதுப் பட்டியல் வந்தது. நல்ல காரியம் செய்தாய் போ! 'நீங்கள்' எழுதுகிற பொறுமை எனக்கு இல்லை.

தோட்டத்தில் எல்லாருக்கும் கொண்டாட்டம். சன்னாசி மண்டோர் வீட்டு எண் பதினேழு, அது மூன்று தடவை வந்திருக்கிறது. தனக்கு மூன்று வீடு கிடைத்துவிட்டது என்று அவர் பாதி நாள் மிதந்தார். வரிக்கு ஒரு வீடு இல்லை, மூன்று பேரும் இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம் என்று செல்லையா சொன்ன பிறகும் உன்னை வாழ்த்திக்கொண்டேதான் போனார். "காளியண்ணன் மவன் மூளக்காரன்" என்று பைப்படியில் பேச்சு.

இருபத்திரண்டுக்கு அடுத்து என்ன இருக்கிறது தெரியுமா? இருபத்து நான்கு. முன்னாலே வீட்டுக்குப் பேர் இல்லை. இப்போது வீடே இல்லை. நான் மூன்று தடவை விரலை வைத்துப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. தங்கமணி அக்கா கீழே பார்த்துக்கொண்டே போனவர், "ஏ கங்கா, நீ இங்கல்ல இருக்க" என்று சத்தமாகக் கூப்பிட்டார். உங்கள் வீடு, நாற்பத்தொன்று. காளியண்ணன், லெட்சுமி, உன் தம்பி சேது, அதற்கு அடுத்த வரியில் கங்கா. சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள். ஒருத்தி, "பரவால்லலா, கம்ப்யூட்டரே கட்டி வெச்சிருச்சு" என்றாள். எனக்குக் கூசிப்போய்விட்டது. யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இது உன் வேலையா? உண்மையைச் சொல். வேடிக்கைக்குச் செய்தாயா, இல்லை இப்படிச் செய்தால் நான் வழிக்கு வருவேன் என்று நினைத்தாயா? அப்பா போய் அம்மா தனியாக நின்ற அன்றைக்கு "நீ மட்டும் வா, அம்மாவை யாராவது பார்த்துக்கட்டும்" என்று சொன்னவன்தானே நீ, நம் கல்யாணப் பேச்சு முறிந்ததே அதனால்தானே. இப்போது அம்மா இருக்கிற வீட்டைத் தூக்கிவிட்டு என்னை மட்டும் உங்கள் வீட்டில் போட்டிருக்கிறாய்.

இன்னும் இருபத்து நான்கு நாள் இருக்கிறது.

கங்கா

*

கோலாலம்பூர்
12 ஏப்ரல் 1986

கங்கா,

சத்தியமாக நான் எழுதவில்லை. என் அம்மா மேல் ஆணை.

உன் கடிதம் வந்த அன்றே ஏற்றின அட்டைகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தோட்டத்திலிருந்து நகல் அனுப்பியிருக்கிறார்கள். நாற்பத்தொன்றாம் எண் அட்டையில் நாலாவது வரியில் உன் பெயர், 'மருமகள்' என்று. 1982 ஆகஸ்டு, நமக்குப் பரிசம் போட்ட தேதி. அது செல்லையா அண்ணனுக்கு முன்னால் கிராணியாக இருந்த அப்பளசாமியின் கையெழுத்து.

உனக்கு ஞாபகம் இருக்கும். எந்த வீட்டில் பரிசம் போட்டாலும் அவரைக் கூப்பிடுவார்கள். சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு, அங்கேயே அட்டையை விரித்துப் பெண்ணின் பெயரை மாப்பிள்ளை வீட்டுக்கு மாற்றிவிடுவார். அவர் கை ராசியான கை, அவர் எழுதினால் கல்யாணம் நிற்காது என்று பேர். நம்முடையதற்கும் எழுதியிருக்கிறார். அவர் எழுதி நின்றுபோன கல்யாணம் நம்முடையது ஒன்றுதான் போலிருக்கிறது. அவரும் இப்போது இல்லை. திருப்பி மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் உன் வீட்டு அட்டையில் நீ இல்லை. உன் அப்பா இறந்ததும் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அத்தை வேலையை விட்டதும் அத்தை பெயரையும் அடித்திருக்கிறார்கள். இருபத்து மூன்றில் இப்போது ஒரு பெயரும் கிடையாது. முதல் பட்டியலில் எண் மட்டும் வந்து பெயர் காலியாக இருந்தது அதனால்தான். அதை அப்போதே நான் பார்த்திருக்க வேண்டும். கவலைப்படாதே என்று எழுதியதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

வீடு ஏன் மறைந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்பாய். இரண்டாவது தடவை எழுதினபோது, வீட்டுக்கு எத்தனை பெயரோ அத்தனை வரி வரும்படி செய்தேன். மூன்று பெயர் என்றால் மூன்று வரி. பெயரே இல்லையென்றால்? ஒரு வரியும் இல்லை. பதில் ஒன்றும் வராவிட்டால் கேட்ட வீட்டையும் சேர்த்தே விட்டுவிடும் என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் எழுதியிருக்கிறது, இப்போதுதான் படித்தேன். சன்னாசி அண்ணன் வீட்டைச் சரிசெய்ய எழுதியது உன் வீட்டைத் தூக்கிவிட்டது.

காலி வீடாக இருந்தாலும் எண்ணை விடாதே என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது, அதை எழுதிவிடுவேன். ஆனால் உன் பெயரை நாற்பத்தொன்றிலிருந்து எடுத்து இருபத்து மூன்றில் போட எனக்கு அதிகாரம் இல்லை. ப்ரோகிராமை மாற்றலாம், பெயரை மாற்றக் கூடாது. அதற்குத் தோட்ட ஆபீஸ் கடிதம் வேண்டும். செல்லையா அண்ணனைப் பிடி. ஒரே ஒரு கடிதம் போதும். வந்த அன்றே செய்துவிடுகிறேன்.

பாலன்

*

வின்மோர் தோட்டம்
20 ஏப்ரல் 1986

பாலன்,

திட்டியதற்கு மன்னித்துக்கொள். ஒரு கடிதத்துக்கு மட்டும்தான் மன்னிப்பு.

அப்பளசாமி தாத்தா எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறக்க முடியுமா? கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரை எழுதி முடித்து ஊதிக் காயவைத்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

செல்லையாவிடம் போனேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்களே, அந்தக் கதை. ஓர் அட்டையிலிருந்து பெயரை எடுக்கப் பூர்த்தி செய்ய வேண்டிய பாரம் ஒன்று இருக்கிறது. அதில் காரணம் மூன்றுதான் அச்சடித்திருக்கிறது. கல்யாணமாகிப் போனது, இறந்தது, தோட்டத்தை விட்டுப் போனது. "இதுல எதுக்கு நான் டிக் அடிக்க?" என்று என்னையே கேட்கிறார். கல்யாணம் ஆகவில்லை. சாகவும் இல்லை. தோட்டத்தை விட்டுப் போனேன் என்று எழுதினால் எனக்கு எந்த வீடும் கிடையாது.

சரி, புதுசாக ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அப்போதுதான் இன்னொன்று சொன்னார். ஒரு பெயரும் இல்லாததால் இருபத்து மூன்றாம் அட்டையைக் கணக்கில் மூடிவிட்டார்களாம். வெளியாட்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள் என்று ஜனவரியிலிருந்து புது அட்டை போடக்கூடாது என்று உத்தரவாம். நாற்பத்தொன்றிலிருந்து என்னை எடுத்தால் வைக்க இடம் இல்லை. "இருக்கிற எடத்துல இரும்மா, அதுவும் போயிடப்போவுது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. மேலே மானேஜரிடம் போய்க் கேட்டும் பார்த்தார். பட்டியல்தான் பேசும் என்று சொல்லிவிட்டார்களாம்.

என்ன ஆனாலும் பாரத்தில் வீட்டுக்காரர் என்று மாமா கையெழுத்து வேண்டுமே என்று நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. அத்தை என்னைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய்விட்டார். மாமா பாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு படிக்கத் தெரிந்தவர் மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒன் பேர எழுதினது அப்பளசாமி. என் கையால அடிக்கச் சொல்றியா?" என்றார். "பாலன் வேலைய விட்டுட்டுப் போனப்ப ஆபீஸ்ல கூப்பிட்டு அவன் பேர அடிக்கச் சொன்னாங்க. அடிச்சேன். பெத்த புள்ள பேர அடிச்ச கை இது. இன்னொண்ண அடிக்காது. நீ ஒங்கம்மாவ அழைச்சுக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துரு."

எந்த முறையில் வருவது? பாரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அத்தை வாசல்வரை வந்து ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அம்மாவுக்கு ஊட்டினேன், யார் வீட்டுக் கை என்று ருசியிலேயே கண்டுபிடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர். பேச்சு வராதே.

பத்து நாள்தான் இருக்கிறது. உன்னால் ஏதாவது முடியுமா? கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

கங்கா

*

கோலாலம்பூர்
27 ஏப்ரல் 1986

கங்கா,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

காலி வீட்டையும் விடாமல் காட்டும்படி மாற்றி எழுதினேன். சரியாக வேலை செய்தது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு என்று வரிசையாக வந்தது, உன் வீட்டு எண்ணுக்குப் பக்கம் வெற்றிடம். அதை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்த தோட்டக் கம்பெனி ஆபீசுக்கு நானே போனேன். அங்கே ஓர் அதிகாரி பென்சிலால் அந்த வரியைச் சுழித்து 'ஆள் இல்லை' என்று ஓரத்தில் எழுதினார். ஆள் இருக்கிறார்கள் சார், இரண்டு பேர், ஒருவரால் எழுந்திருக்க முடியாது, எனக்குத் தெரிந்தவர்கள் என்றேன். உனக்குத் தெரிந்து என்ன, அட்டையில் இருக்கிறதா என்றார். அவ்வளவுதான் பேச்சு.

திரும்பி வந்து, மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது, செய்யக் கூடாததைச் செய்தேன். உன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 41ஐ அழித்துவிட்டு 23 என்று தட்டினேன். இரண்டே எழுத்து. பட்டியலில் இருபத்து மூன்று, கங்கா என்று வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள் நன்றாகத் தூங்கினேன்.

பட்டியலை மூடுவதற்கு முன் அட்டை நகல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு பெயர் இடம் மாறியிருந்தது. மிஸ்டர் லிம் அதைத் திருப்பி மாற்றிவிட்டு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். இனி அந்தக் கோப்பை நான் திறக்கவும் முடியாது. நானே எழுதியது, நானே தொட முடியவில்லை. உன் பெயர் நாற்பத்தொன்றில்தான் இருக்கிறது. அத்தை பெயர் எங்கும் இல்லை.

நினைத்து நினைத்துப் பார்த்து ஒன்று சொல்கிறேன். கோபப்படாமல் படி. அட்டையில் இருப்பதை மாற்ற முடியாவிட்டால் அதை உண்மையாக்கிவிடலாம். நான் லீவு போட்டு வருகிறேன். கோலசிலாங்கூரில் பதிவு செய்துகொள்வோம். அப்போது நீ அந்த வீட்டில் இருப்பதை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அத்தையும் கூடவே இருக்கலாம், யார் கேட்பார்கள்? அன்றைக்கு அத்தையைப் பற்றி நான் பேசியது தப்பு. அதை இந்தப் பட்டியல் வராவிட்டாலும் என்றாவது ஒரு நாள் எழுதியிருப்பேன். எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பாலன்

*

வின்மோர் தோட்டம்
4 மே 1986

பாலன்,

பட்டியல் மூடிவிட்டது. கடைசித் தாளையும் ஒட்டிவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை, தங்கமணி அக்கா பார்த்துச் சொன்னார்.

உன் வேலைக்கு உலை வைத்துக்கொண்டு என் பெயரை மாற்றினாய் என்று படித்தபோது அழுதேன். மூன்று நாள் நான் என் வீட்டில் இருந்திருக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வேண்டாம். நீ கேட்டது என்னையா, அட்டையையா என்று எனக்குப் புரியவில்லை. உனக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. நான் சரி என்று சொன்னால், வீட்டுக்காகச் சொன்னேனா உனக்காகச் சொன்னேனா என்று ஆயுசுக்கும் எனக்கே சந்தேகமாக இருக்கும். நீயும் ஒரு நாள் கோபத்தில் அதையே கேட்பாய். கேட்கமாட்டேன் என்று எழுதாதே, மனுஷன் கேட்பான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் "அத்தையையும் கூட்டிக்கொண்டு வா" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன்.

லயத்தை இடிக்க இன்னும் நாலைந்து மாசம் ஆகும் என்கிறார்கள். அதுவரைக்கும் இங்கேயே இருக்கிறோம். அப்புறம் என்ன செய்வேன் என்று தெரியாது. பக்கத்து ஊரான ஈஜோக்கில் தங்கமணி அக்காவின் சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறை இருக்கிறதாம், அம்மாவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

கங்கா

*

கோலாலம்பூர்
28 செப்டம்பர் 1986

அன்புள்ள கங்கா,

நேற்று சேதுவிடமிருந்து கடிதம் வந்தது. புது வீட்டுக்கு மாறிவிட்டார்களாம். நீயும் அத்தையும் அங்கேதான் இருக்கிறீர்களாம். படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். இந்த ஆறு மாசத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி. அந்தப் பாழாய்ப்போன பட்டியல் கடைசியில் ஒரு நல்லது செய்திருக்கிறது.

என்னை நீ கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் எழுதவில்லை. அது உன் இஷ்டம். ஆனால் தீபாவளிக்கு நான்கு நாள் லீவு எடுத்துவிட்டேன். மூன்று தீபாவளி இங்கேயே கிடந்தேன், அப்பா முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாமல். இந்தத் தடவை வருகிறேன். அம்மாவுக்கும் அத்தைக்கும் சேலை எடுத்து வைத்திருக்கிறேன். உனக்கும் எடுத்தேன், கொடுப்பதா வேண்டாமா என்று நீ சொன்னால் போதும். எல்லாரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து பேசினால் எத்தனையோ விஷயம் தன்னால் சரியாகிவிடும்.

அத்தையை நான் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பாலன்

*

41, புது வீடு, வின்மோர்
12 அக்டோபர் 1986

பாலன்,

சேலைகளைத் திருப்பிக் கொடுக்க முடியுமென்றால் கொடுத்துவிடு. இதைக் கோபத்தில் எழுதவில்லை. இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி எங்கள் லயத்துக் கூரை ஓடுகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். நாங்கள் உள்ளே இருக்கிறோம் என்று நான் கத்தினேன். வந்தவர்கள் பாவம், பயந்துபோய் மானேஜரைக் கூட்டி வந்தார்கள். அவர் தாளைப் பார்த்தார். இந்த வீட்டில் ஆள் இல்லையே என்றார். அம்மா பாயில் படுத்திருக்கிறார், அவர் கால்மாட்டில் நின்றுகொண்டு சொல்கிறார். நீ யார் என்று என்னைக் கேட்டார். பெயரைச் சொன்னேன். தாளில் தேடினார். "ஓ, நாற்பத்தொன்று காளியண்ணன் மருமகளா?" என்றார்.

மாமா ட்ராக்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். அம்மா தலைக்கு மேலே ஓடு இல்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் ஆமாம் என்றேன்.

புது வீட்டில் இரண்டு அறைதான். முன் அறையில் அம்மாவும் நானும். பின் அறையில் மாமாவும் அத்தையும். சேது சமையலறையில் படுத்துக்கொள்கிறான், முகம் சுளிப்பதில்லை. அத்தை அம்மாவைக் குளிப்பாட்டித் தலை வாரிவிடுகிறார். மூன்று வருஷம் பேசாதவர்கள், இப்போது ஒருவர் பேச ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாவி கொடுக்கிற அன்று ஆள் சரிபார்க்க வந்தார்கள். பெயர் கூப்பிட்டபோது எழுந்து நின்றேன். உறவு என்ன என்று கேட்டார்கள். மருமகள் என்றேன். புருஷன் எங்கே என்றார்கள். கே.எல்.லில் வேலை என்று மாமா சொல்லிவிட்டார். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கட்டாத மருமகள் என்கிறார்கள். கோயிலில் வைத்து ஒருவர் மாமா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். "எம் மவ. இனிமே எவனும் கேக்கக் கூடாது" என்று மாமா சொன்னார். அதற்கப்புறம் எதிரில் யாரும் கேட்பதில்லை. நீ அந்தப் பக்கம் இருக்கிறவரைக்கும் மாமாவின் அந்தச் சொல் நிற்கும். நீ வந்து ஒரு ராத்திரி இந்தக் கூரைக்குக் கீழே படுத்தால் நிற்காது. ஒன்று, மறுநாளே நீ எனக்குத் தாலி கட்ட வேண்டும், நானும் வேறு போக்கில்லாமல் கழுத்தை நீட்ட வேண்டும். இல்லையென்றால் நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். மாமாவே என்னை இருக்கச் சொன்னாலும் என்னால் இருக்க முடியாது.

இங்கே வந்த முதல் நாளே மாமாவிடம் இதைச் சொன்னேன். பாலன் வந்து தங்காமல் இருந்தால்தான் நான் இருப்பேன் என்றேன். பெற்றவரிடம் இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சரி என்றார். அத்தைக்கும் தெரியும். உன் பெயரை எடுக்காமல்தான் எல்லாரும் பேசிக்கொள்கிறோம். போன வாரம் அத்தை ஐந்து பேருக்குச் சோறு வடிக்க வேண்டிய இடத்தில் உன்னையும் சேர்த்து வடித்துவிட்டு, பானையைப் பார்த்து அழுதார். நான்தான் அதற்குக் காரணம். எனக்குத் தெரிகிறது. உன் அம்மாவையும் அப்பாவையும் உன் வீட்டையும் நான் எடுத்துக்கொண்டேன். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

உன்மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அதை வைத்து அம்மாவைப் படுக்கவைக்க ஓர் இடம் செய்ய முடியவில்லை.

அத்தையையும் மாமாவையும் பார்க்க வேண்டுமென்றால் எழுது, கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு அனுப்பிவைக்கிறேன். அங்கேயே பார்த்துவிட்டுப் போ. வீட்டுக்கு மட்டும் வராதே, பாலன். நீ திரும்பிப் போக உனக்கு ஓர் அறை இருக்கிறது. நீ வந்தால் நான் எங்கே போவேன்?

கங்கா